உள்ளே இருபத்தைந்து

உள்ளேயிருந்து மணி அடித்தது. சைக்கிள் மணி. அதை அவள் கணவர் கட்டில் சட்டத்தில் திருகி வைத்திருந்தார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுச் சில்லின் மேல் வைத்தாள். பெட்டிக்குள் கரி கனன்றது. சட்டையில் ஒரு கைதான் முடிந்திருந்தது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள், முகத்தைத் துடைத்தாள், முழங்கை வரை துடைத்தாள். வியர்வையோடு உள்ளே போகக் கூடாது. ஈரம் உள்ளே வந்தால் ஏசி திணறும் என்பது அவர் கணக்கு.

படுக்கையறைக் கதவைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் தடித்த பிளாஸ்டிக் பட்டைகள் மேலிருந்து தரை வரை தொங்கின. விலக்கிக்கொண்டு நுழைந்தாள். குளிர் முதலில் கழுத்தைத்தான் பிடிக்கும்.

"மூணு, நாலு, அஞ்சு..." கட்டிலில் உட்கார்ந்து, கதவு திறந்திருக்கும் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். கதவு மூடிக்கொண்டது. "ஆறு. நேத்தைக்கு இது தேவலாம்."

"என்ன வேணும்?"

"தண்ணி."

"சொம்பு பக்கத்துலதானே இருக்கு."

"அது காலையில வச்சது. இந்நேரம் இருபத்தஞ்சு ஆயிருக்கும். வயித்துக்குள்ள முப்பத்தேழு. பன்னெண்டு டிகிரி வித்தியாசம். கொஞ்சம் சுட வச்சுக் கொண்டா."

"தண்ணின்னு தெரிஞ்சா கையோட கொண்டாந்திருப்பேனே. ரெண்டு தடவை மணி அடிக்கக் கூடாதா?"

"ரெண்டு தடவைன்னா சாப்பாடு."

"அப்ப மூணு தடவை."

"மூணு ஆபத்துக்கு." இதில் என்ன சந்தேகம் என்பதுபோல் பார்த்தார். பிறகு மடியில் இருந்த அட்டையில் நேரம் போட்டு, கதவு என்று எழுதி, ஒரு கோடு கிழித்தார்.

அவள் வெளியே வந்தாள். முன்னறையின் சூடு, பானையைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுத்தம் தாடைக்கு ஏறியது. போய்விட்டது. தண்ணீர் சுட வைக்கப் போனாள்.

நகரத்தின் ஓரத்தில் இருந்த குளிர்கிடங்கில் அவர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். மீன், கோழி, பட்டாணி, ஐஸ்கிரீம். ஆறு அறைகள். மணிக்கொரு தரம் ஒவ்வோர் அறையின் வெப்பமானியையும் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். எந்த அறையின் கதவு எத்தனை தரம் திறந்தது என்பதையும் எழுத வேண்டும். பத்தாவதைத் தாண்டாத அவருக்கு அங்கே ‘டிகிரி’ என்று பெயர். டீக்கடையில் தம்ளரைத் தொட்டுவிட்டு, அறுபத்தைந்து என்பார். கடைக்காரர் அதற்காகவே ஒரு நாள் வெப்பமானி வாங்கி வந்து வைத்துப் பார்த்தாராம். அறுபத்துநாலு இருந்ததாம். "உன் தம்ளர் ஒரு டிகிரியைத் தின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

குளிர் அறைகளுக்கும் வெளியே லாரி நிற்கும் மேடைக்கும் இடையில் ஒரு நடு அறை உண்டு. மைனஸ் பதினெட்டிலிருந்து வருகிறவன் அங்கே பத்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வெயிலுக்குப் போக வேண்டும். மூட்டை தூக்குகிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிஷம் வேப்பங்காய். அவர் விட மாட்டார். கையில் கடிகாரத்தோடு வாசலை மறித்து நிற்பார். நாலு மாசத்துக்கு முன்னால், வெயில் ஏறத் தொடங்கிய வாரத்தில், ஒரு லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று அவரே நடு அறையில் நிற்காமல் நேரே மேடைக்கு நடந்தார். மேடையில் உட்கார்ந்தார். பிறகு படுத்தார். அதே லாரியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நெஞ்சு ரத்தக் குழாயில் கம்பிவலை வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். மாத்திரையை விடக் கூடாது. காலையில் அரைமணி நேரம் நடக்க வேண்டும். கடும் சூடோ கடும் குளிரோ ஆகாது, சட்டென்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகக் கூடாது. மூன்றாவதை மட்டும் அவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். அது அவர் தொழில்.

"குளிர்ல எதுவும் கெடாது. மாறுறதுலதான் கெடும்" என்றார் அவளிடம். "ஒரு தடவை உருகி மறுபடி உறைஞ்ச ஐஸ்கிரீமை வாயில போட்டிருக்கியா? மணலு மாதிரி நறநறன்னு இருக்கும். என் நெஞ்சு ஒரு தடவை உருகிடுச்சு. இனிமே ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது."

கிடங்கின் ஆபீசில் கழற்றிப் போட்டிருந்த பழைய ஏசியை உடன் வேலை பார்த்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பட்டைகளும் அங்கே கழித்துக் கட்டியவைதான். ஜன்னல் இடுக்குகளை அவரே பஞ்சு வைத்து அடைத்தார். கழிவறை அந்த அறையை ஒட்டியே இருந்ததால் வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை. இருபத்தைந்தில் வைத்தார். நாலு மாசமாக இருபத்தைந்து. காலை நடையைப் பற்றி அவள் கேட்டால், விடியற்காலையில் தெருவில் முப்பது இருக்கிறது என்பார்.

சம்பளம் நின்றதும் அவள் இஸ்திரி போட ஆரம்பித்தாள். வீடு மூன்றாம் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கூரை இரவெல்லாம் துப்பும். ஏசி ஓடும்போது கரண்டுப் பெட்டியைச் செருகினால் ஃப்யூஸ் போய்விடும். அதனால் கரிப்பெட்டி. மின்விசிறி போட்டால் சாம்பல் பறந்து வெள்ளைச் சட்டையில் உட்காரும். அதனால் விசிறியும் கிடையாது. ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொள்வாள். அதன் வழியாக எதிர்வீட்டுச் சுவரின் சூடு உள்ளே வரும்.

இருந்த ஒரு மகனும் தூர தேசத்தில். ஞாயிற்றுக்கிழமை குரலாக வருவான். அப்பா எப்படி இருக்கிறார் என்பான். அப்படியே இருக்கிறார் என்பாள்.

அன்று மத்தியானம் லோடு மேஸ்திரி வந்தான். கிடங்கில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். ஏசியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் முதல் ஆள்.

"அண்ணி, ஃப்ரீசர் ரூமுக்குள்ள போகலாமா? ஜெர்க்கின் போடணுமா?"

"முதல்ல வேர்வையைத் துடை தம்பி. இல்லன்னா எனக்குத் திட்டு."

மேஸ்திரி பட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். அவள் டீயோடு பின்னால் போனாள். உள்ளே இருவரும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி விரலை வைத்துக் கோடுகளை எண்ணினான்.

"என்னண்ணே, நேத்து கதவு நாப்பத்தொண்ணு! நம்ம இடத்துல முப்பதைத் தாண்டினாலே மேனேஜர் மெமோ குடுத்துருவான்."

"என்ன பண்றது? இவளுக்கு ஒரே நடையில எல்லாத்தையும் கொண்டு வரத் தெரியல. உப்புக்கு ஒரு நடை, ஊறுகாய்க்கு ஒரு நடை."

"உப்பு வேணும்னு நீங்க சோத்துல கை வச்சப்புறம்தானே சொன்னீங்க" என்றாள்.

"பாரு. வாய் மட்டும் நாப்பதுல இருக்கு."

மேஸ்திரி சிரித்தான். பிறகு தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னான். "அண்ணே, சீக்கிரம் வெளிய வாங்கண்ணே. நீங்க இல்லாம நடு ரூம்ல எவனும் நிக்கறதில்ல. நானே நிக்கறதில்ல."

அவர் முகம் சட்டென்று மாறியது. "நில்லு" என்றார். "உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், நில்லுடா. அன்னைக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? மேடைக் கதவு திறந்துச்சு. வெயிலு நெஞ்சுல கையை விட்டு, துணி பிழியற மாதிரி ஒரு பிழி பிழிஞ்சுது. கத்தலாம்னு பாக்கறேன், சத்தம் வரல. ஹாரன் மட்டும் கேக்குது. ஒரே ஒரு நாளு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு நாளு நிக்கல."

மேஸ்திரி டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான். அவர் கை அட்டையின் மேல் நடுங்கியது. அவளுக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் கை கரிச்சூட்டில் சுட்டுக்கொண்டிருந்தது. தம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இந்தத் தடவை அழுத்தம் உடனே போகவில்லை. மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன் அண்ணி" என்றபோது தலையை மட்டும் ஆட்டினாள். அவன் இறங்கிப் போன பிறகு தரையில் உட்கார்ந்தாள். தரையும் சுட்டது. இடது கை கனத்தது, தூங்கும் குழந்தையைத் தூக்கி வைத்திருந்ததுபோல். நெற்றியில் வேர்த்தது. இது வேறு வேர்வை என்று அவளுக்கே தெரிந்தது. பிசுபிசுவென்று, குளிர்ந்து இருந்தது.

மணி அடித்தது. எழுந்தாள்.

கீழ்மாடியில் குடியிருந்த நர்ஸ் அதே நேரத்தில்தான் சீருடையை வாங்க வந்தாள். சாயங்கால ஷிஃப்டுக்குப் போக வேண்டும். வாசலில் நின்றவள் உள்ளே பார்த்தாள்.

"என்னக்கா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல நர்ஸம்மா. உன்னோடது முடிஞ்சுது, காலர்தான் பாக்கி. உக்காரு. உள்ள கூப்பிடறாரு, ஓடிப்போய் வந்துடறேன்."

"கூப்பிடட்டும். எங்க வலிக்குது?"

"கைதான். நாள் முழுக்கப் பெட்டியைத் தேய்க்கறேன்ல."

"எந்தக் கை?"

இடது கையைக் காட்டினாள்.

"பெட்டி எந்தக் கையில பிடிப்பீங்க?"

அவள் வலது கையைப் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள். நாலு மாசமாக இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

நர்ஸ் செருப்போடு உள்ளே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "எப்பல்லாம் வரும்?"

"உள்ள போய்ட்டு வெளிய வரும்போது. சில சமயம் உள்ள போகும்போது."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீங்க?"

"அவர் எழுதி வச்சிருக்காரு. நேத்து நாப்பத்தொண்ணாம்."

"இப்பவே கிளம்புங்க. எங்க ஆஸ்பத்திரிக்கு. ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடலாம்."

"இப்பவா? பெட்டியில கரி இருக்கு. பொழுது சாய்ஞ்சு அவருக்கு ஒரு மாத்திரை இருக்கு. நாளைக்குக் காலையில—"

"அக்கா." நர்ஸ் குரலை உயர்த்தவில்லை. "உங்க வயசுப் பொம்பளைங்க எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க. நாளைக்குக் காலையிலன்னு. நான் வார்டுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மணி மறுபடி அடித்தது. அவள் துண்டைத் தேடினாள். நர்ஸ் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்தாள். வியர்வையோடு இருவரும் உள்ளே போனார்கள். கதவு திறந்தே கிடந்தது.

"கதவு, கதவு!" என்றார் அவர். "பத்தைத் தாண்டிடுச்சு. யாரு இது?"

"கீழ்வீட்டு நர்ஸ், சார். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நெஞ்சுவலி மாதிரி தெரியுது."

அவர் அவளைப் பார்த்தார். நாலு மாசத்தில் அவள் எத்தனையோ முறை உள்ளே வந்திருக்கிறாள். அவர் கதவைத்தான் பார்த்திருந்தார்.

"இவளுக்கா? இவளுக்கு என்ன? வாயுவா இருக்கும்."

"வாயுன்னா அங்க சொல்லிடுவாங்க."

"இந்த வெயில்லயா போறது? வெளிய நாப்பத்தொண்ணு. இருபத்தஞ்சுல இருந்து நாப்பத்தொண்ணுக்குச் சட்டுன்னு போனா என்ன ஆகும் தெரியுமா? கொஞ்சம் பொறு. அஞ்சு மணிக்கு மேல இறங்கும்."

"நான் எங்கீங்க இருபத்தஞ்சுல இருக்கேன்?" என்றாள் அவள். "நீங்கதானே இருக்கீங்க."

அவர் அட்டையை எடுத்தார். மேலிருந்து கீழே பார்த்தார். முந்தின நாள் தாளைப் புரட்டினார். அதற்கும் முந்தின நாள். கோடு கோடாக இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை. அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

"நீ ஏன் சொல்லல?" என்றார்.

"என்னன்னு சொல்றது? வேல செய்யறேன், வலிக்குதுன்னு நெனச்சேன்."

"சார், கூட வரீங்களா?" என்றாள் நர்ஸ். "கீழ வண்டி பிடிச்சுக்கலாம்."

அவர் எழுந்தார். பட்டைகள் வரை வந்தார். திறந்த கதவு வழியாக முன்னறைச் சூடு உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒரு பட்டையைக் கையில் பிடித்தார். முகம் வெளுத்தது. நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்வை கட்டியது.

"நான் வந்தா, போற வழியில ரெண்டு பேரையும் தூக்கணும்" என்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"நீங்க இருங்க" என்றாள் அவள். "மாத்திரை டப்பாவுல நீலம். சோறு அடுப்படியில மூடி வச்சிருக்கேன்."

"அடுப்படி எவ்வளவு இருக்கும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் உண்மையாகவே கேட்டார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

கரியின் மேல் தண்ணீர் ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. படி இறங்கும்போது நர்ஸ் அவள் கையைப் பிடித்திருந்தாள். இரண்டு மாடி இறங்கும் வரை மணி அடிக்கிறதா என்று அவள் காது பின்னாலேயே இருந்தது. அடிக்கவில்லை.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ரத்தக் குழாய் ஒன்று பாதி அடைத்திருக்கிறது என்றார், அவள் கணவருக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டர். அது பழைய சமாச்சாரம், மாத்திரையில் சமாளிக்கலாம். ஆனால் குளிர் பட்டதும் அது சுருங்குகிறது. சுருங்கின நேரத்தில் வெளியே வந்து சூட்டில் வேலை செய்தால், நெஞ்சு கேட்கிற ரத்தம் அதற்குக் கிடைப்பதில்லை. அவள் தன் கணவரைப் பற்றிச் சொன்னாள். அறையைச் சொன்னாள், மணியைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நாலு மாசமாவா? நான் மாறவே கூடாதுன்னு சொல்லலையேம்மா. சட்டுன்னு மாற வேணாம்னு சொன்னேன். நடக்காம உக்காந்திருந்தா அது வேற வம்பு. ஏசியை இருபத்தெட்டுல வைங்க. வெளிய வர்றதுக்கு முன்னாடி நிறுத்திட்டு, கதவைத் திறந்து வச்சு, கொஞ்ச நேரம் இருந்துட்டு வரட்டும். காலையில ரெண்டு பேரும் நடங்க. அந்தக் கரிப்பெட்டியை வீட்டுக்குள்ள வைக்காதீங்க, அந்தப் புகையே நெஞ்சுக்கு ஆகாது. சூடும் குளிரும் மாத்தி மாத்திப் போறது உங்களுக்கும் கூடாது."

உங்களுக்கும் கூடாது என்பது மட்டும் எப்படியோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நர்ஸ் சொல்லியிருப்பாள். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. அவர் குரலில் நாலு மாசமாக இல்லாத உற்சாகம்.

"கேட்டியா? மேஸ்திரியை வரச் சொல்லி உள்ளயே இன்னொரு கட்டில் போட்டாச்சு. ஜன்னல் பக்கம் உனக்கு. ரெண்டு ஆளு இருந்தா ரூம் சூடு கொஞ்சம் கூடும். அதனால இருபத்து நாலுல வச்சுப் பாத்தேன், சரியா இருபத்தஞ்சு வருது. சோறு மேஸ்திரி வீட்டுல இருந்து வந்துடும். கதவு ஒரு நாளைக்கு நாலு தடவைதான் திறக்கும். நீ எதுக்கும் வெளிய போக வேணாம். கேக்குதா?"

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சு அடைத்த ஜன்னலும், அதன் ஓரத்தில் ஒரு கட்டிலும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. அவர் தன்னால் கொடுக்க முடிந்ததில் மிக நல்லதைக் கொடுக்கிறார். அது அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சு அடைத்தது. வலி இல்லை. இதற்கு ஈசிஜியில் கோடு வராது.

"சாயங்காலம் அனுப்பறாங்களாம்" என்றாள்.

"மேஸ்திரியை அனுப்பறேன்."

"வேணாம். நீங்க வாங்க."

அந்தப் பக்கம் ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நானா?"

"நீங்க வந்தாத்தான் வருவேன்."

"வெளிய முப்பத்தொன்பது இருக்கும்."

"இருக்கும். டாக்டர் என்ன சொன்னாருன்னா, முதல்ல ஏசியை நிறுத்தணும். கதவைத் திறந்து விடணும். கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருக்கணும். அப்புறம் ஹால்ல கொஞ்ச நேரம். அப்புறம் படி. உங்களுக்குத் தெரியாததா? நடு ரூம்ல ஊரையே நிறுத்தி வச்சவருதானே."

"வழியில ஏதாச்சும் ஆயிட்டா?"

"மேஸ்திரி கூட வரட்டும். ஆனா நீங்க வரணும்."

பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்தாள். முப்பது வருஷத்தில் அவரிடம் அவள் நிபந்தனை போட்டுப் பேசியதில்லை.

ஐந்து மணிக்குக் கீழே வந்து நுழைவாயில் கூடத்தில் உட்கார்ந்தாள். மடியில் மாத்திரைப் பை. வாசலுக்குக் கண்ணாடிக் கதவு, ஆள் நெருங்கினால் தானாகத் திறக்கிற கதவு. ஐந்தரை ஆயிற்று. பூ விற்கிறவள் போனாள், ஆம்புலன்ஸ் வந்து போனது. ஆறு. சீட்டுக் கொடுக்கிறவன், "யாரும் வரலையாம்மா, வண்டி பிடிச்சுத் தரட்டுமா?" என்றான். "வருவாங்க" என்றாள். வராவிட்டால் எங்கே போவது என்று யோசித்தாள். மகன் இருக்கும் தேசத்தின் பெயரைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆறேகாலுக்கு வந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். மேஸ்திரி இரண்டடி தள்ளி, விழுந்தால் பிடிக்கத் தோதாக நின்றான். அவர் இளைத்திருந்தார். நாலு மாசமாக வெயில் படாத முகம் முளைப்பயறு போல வெளுத்திருந்தது. சட்டை கசங்கி, முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த குளிர் அவர் முகத்தில் பட்டது. ஓரடி பின்வாங்கினார். கதவு மூடிக்கொண்டது. முன்னால் வந்தார், திறந்தது. பின்னால் போனார், மூடியது.

அங்கிருந்தே கையைக் காட்டி அவளைக் கூப்பிட்டார். வா, வா.

பழக்கத்தில் அவள் கால் தானாகத் தரையில் ஊன்றியது. எழுந்திருக்கப் போனாள். பிறகு பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவர் கையை இறக்கினார். மேஸ்திரியிடம் ஏதோ சொன்னார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், முகத்தைத் துடைத்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை நிமிஷம் என்று அவள் எண்ணவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குகிறவர்போல் உள்ளே வந்தார். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல." கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தார். "இல்ல. பயம்தான்."

"எனக்கும்தான்."

இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ வந்தார்கள், யாரோ போனார்கள். ஒருவரும் எண்ணவில்லை.

"கட்டில் போட்டுட்டேன்" என்றார். "ஜன்னல் பக்கம்."

"நான் ஹால்லதான் படுப்பேன். ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, விசிறியைப் போட்டுக்கிட்டு."

"ஹால் முப்பத்தாறு."

"தெரியும்."

"உள்ள வர மாட்டியா?"

"இனிமே மாட்டேன்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். "அப்ப உன்னை நான் எப்படிப் பாத்துக்கறது?"

"வெளிய வந்து பாத்துக்கங்க."

வெளியே மேஸ்திரி ஒரு வண்டியை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்துக் கை அசைத்தான். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் உடம்பு தூக்கிப் போட்டது. அவள் கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்கட்டும்" என்றாள்.